வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும்



இவ்வாண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவை நிகழ்த்தும்படி என்னைப் பணித்தவர்கள் விஷயத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தையும் எனக்கே அளித்தார்கள். பெரும்பாலோருடைய அன்றாட ஜீவனத்தைத் தொடுவதாயும், சட்டத்தை ஆக்குவோரும் அதைப் பிரயோகிப்போரும் நிதானமாக ஆலோசிக்கத் தக்கதாயும் உள்ள ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமென்று விரும்பி, வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு நேரும் இன்னல்களையும், அவற்றின் காரணங்களையும், அவற்றுக்குரிய பரிகாரங்களையும் எடுத்துக்கொண்டேன். குடியிருப்போர் படும் துன்பங்களைப் பற்றிப் பேசியோர் பலர், அத்துன்பங்கள் உண்மையானவை, அவற்றை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால், வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தை ஆற அமரக் கேட்காமல் விட்டதனால் குடியிருப்போருக்கே தீங்கு நேர்ந்திருக்கிறது என்பது, வாடகை வழக்குகளில் நெடுங்காலம் உழன்ற எனக்கு ஏற்பட்டிருக்கும் துணிபு.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தெருத் தெருவாக வீடுகளை வாங்கிக் குவித்த தனவந்தர்களும் நம் நகரங்களில் உண்டு. அவர்களுக்குக் கணக்கரும் வக்கீலும் இருக்கிறார்கள், என் பரிவு அவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் மேற்கு மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ ஒரு சந்துக்குள் நுழைந்து பார்த்தால், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதியையும் பணிக்கொடையையும் ஒருங்கே செலவிட்டு, கீழே தாம் குடியிருக்கவும் மேலே ஒரு போர்ஷனை வாடகைக்கு விடவும் ஏற்றவாறு வீடு கட்டிக்கொண்ட ஆசிரியரையும் எழுத்தரையும் காண்கிறோம். கணவர் விட்டுச் சென்ற வீட்டில் ஓர் அறையையும் சமையற்கட்டையும் தமக்கென வைத்துக்கொண்டு, மிச்சத்தில் குடிவைத்து, அந்த வாடகையில் அரிசியும் மருந்தும் வாங்கும் மூதாட்டியரைக் காண்கிறோம். மாதம் பிறந்து பத்தாம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் கலங்கிப் போகிற வீட்டுக்காரர்கள் இவர்கள். நம் நாட்டு வாடகைச் சட்டங்கள் பல்லாண்டு காலம் இவர்களைப் பெரும் நிலச்சுவான்தார்களின் வரிசையிலேயே வைத்து நோக்கின.

அப்படி நோக்கியதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நகரங்களில் குடியிருக்க இடம் அருகி வாடகை ஏறத் தொடங்கவே, இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாடு புகுந்தது. யுத்தத்தோடு முடிய வேண்டிய அந்த ஏற்பாடு, யுத்தம் முடிந்த பின் 1946ஆம் ஆண்டில் சட்டமாகி, 1949ஆம் ஆண்டில் மீண்டும் இயற்றப்பெற்று, 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமாக உருப்பெற்று, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நம்மிடையே நிலைபெற்றது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பு வீட்டின் நியாய வாடகையை நிர்ணயிக்கும்போது, 1940 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் அவ்வட்டாரத்தில் நிலவிய வாடகையை ஆதாரமாகக் கொள்ளச் சொன்னது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனையின் சந்தை மதிப்பும் கட்டடத்தின் மதிப்பும் சேர்ந்த தொகையில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது வீதம் குடியிருப்புக்கும், பன்னிரண்டு வீதம் கடைகண்ணிகளுக்கும் நியாய வாடகை என்று வகுக்கப்பட்டது. ஏட்டில் இது தாராளமான விகிதமே. ஆனால் அதைப் பெறுவதற்கு மனுப் போட்டு, இஞ்சினீயரின் மதிப்பீட்டு அறிக்கை பெற்று, எதிர்த்தரப்பு இஞ்சினீயரின் அறிக்கைக்கு மறுப்புரைத்து, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் உத்தரவுக்குப் பிறகு மேல்முறையீடும், அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் சீராய்வும் கண்டாக வேண்டும். அத்தனைக்கும் ஈடுகொடுக்கும் தெம்பு, வாடகையை நம்பி வாழும் ஒருவருக்கு எங்கிருந்து வரும்?

பம்பாயின் கதை இன்னும் கொடியது. அங்கே 1947ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்திவைத்தது. ரூபாயின் மதிப்பு வீழ வீழ, அந்த வாடகை ஒரு மூட்டை சிமெண்டுக்கும் போதாதாயிற்று. உடைமையாளர்கள் பழுதுபார்ப்பதை அடியோடு விட்டார்கள். மழைக்காலந்தோறும் கட்டடங்கள் இடிந்து உயிர்கள் பலியாயின. முடிவில், பழுதுபார்க்கும் பொறுப்பைத் தானே ஏற்று அதற்கென வரி விதிக்க 1969ஆம் ஆண்டில் அரசாங்கம் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அந்த வாடகை நிர்ணயம் காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே கூறிய பிறகுதான், 1999ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்துக்குப் புதிய சட்டம் வந்தது. குடியிருப்போரைக் காக்கப் பிறந்த சட்டமே அவர்கள் தலைமேல் கூரை விழுவதற்கு ஏதுவாயிற்று என்பதைவிட, அளவு கடந்த பாதுகாப்பின் கேட்டுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, நம் ஊர் வீட்டுக்காரருக்கு நேரும் இன்னல்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் இன்னல், குடித்தனம் தொடங்கும் விதத்திலேயே இருக்கிறது. 'டு லெட்' பலகையைப் பார்த்தோ புரோக்கர் மூலமாகவோ ஒருவர் வருகிறார். முகம் பார்த்து, ஊர் கேட்டு, உத்தியோகம் விசாரித்து, அட்வான்ஸ் வாங்கிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதினால் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு பெற வேண்டுமென்று சட்டம் சொல்வதால், பதிவைத் தவிர்ப்பதற்கென்றே அந்தப் பதினொரு மாதம். அந்தத் தாளும் ஒருமுறை எழுதப்பட்டதோடு சரி. ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள் குடித்தனம் நீடித்தாலும் புதுப்பிப்பவர் இல்லை. வாடகை ரொக்கமாகக் கைமாறுகிறது. ரசீது கொடுப்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. பிணக்கு வந்து வழக்கு மன்றத்துக்குப் போகும்போது, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எத்தனை மாதம் என்ற மூன்று கேள்விகளுக்கும் வாய்மொழியைத் தவிர வேறு பிரமாணம் இல்லாமல் நிற்கிறார் வீட்டுக்காரர். அவர் தோற்பதற்கு எதிரி காரணமல்லர். எழுதாமல் விட்ட அந்த முதல் நாளே காரணம்.

இரண்டாவது, அட்வான்ஸ் என்னும் முன்பணம். 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்று விதித்திருக்க, சென்னையில் பத்து மாத வாடகையை வாங்குவது ஊர் வழக்கமாக வேரூன்றியது. வாடகை பாக்கி விழுந்தால் வேறு போக்கிடம் இல்லையே என்ற அச்சமே அவ்வழக்கத்துக்கு வித்து என்பதை நான் அறிவேன். ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். வாங்கிய தொகை மாடி கட்டுவதிலோ மகள் கலியாணத்திலோ கரைந்துபோகிறது. குடித்தனக்காரர் காலி செய்யும்போது, அடுத்து வருகிறவரின் அட்வான்ஸைக் கொண்டுதான் முந்தினவருக்குத் திருப்பித் தர முடிகிறது. அடுத்தவர் வரும்வரை முந்தினவர் சாவியைத் தர மறுக்கிறார். இதை முன்கூட்டி உணர்ந்தவரோ, கடைசி மாதங்களுக்கு வாடகையே தராமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார். ஆக, காப்பாக வாங்கிய பணமே கலகத்துக்கு மூலமாகிறது.

மூன்றாவது, பழுதும் பராமரிப்பும். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது நம் ஊர் மாமூல். அதைப் பற்றி எழாத சண்டை இல்லை. சுவரில் அடித்த ஆணி, உடைந்த வாஷ்பேசின், அடைத்துக்கொண்ட சாக்கடை, ஒழுகும் மாடிக் குழாய் ஆகிய ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்பதில் இரு தரப்புக்கும் இரு அபிப்பிராயம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நியாயமான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டுமென்று குடியிருப்பவருக்குக் கடமை விதித்தது; ஆனால் பெற்ற நிலை எதுவென்று குறித்து வைப்பார் யாருமில்லை. எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதைத் தீர்க்க, நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டுப் புதிய சட்டம் ஓர் அட்டவணையே வகுத்திருக்கிறது. கட்டட அமைப்பின் பழுதுகள், வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதுவே செல்லும். ஊர் மாமூலும் இந்த அட்டவணையும் வெள்ளையடிக்கும் விஷயத்தில் முரண்படுவதை இங்கே கவனிக்க வேண்டும். மாமூலை வேண்டுபவர் அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே முறை.

மின்சாரத்தையும் தண்ணீரையும் பற்றி இங்கேயே ஒரு சொல். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில், அலகு கூடக்கூட அலகின் விலையும் ஏறுகிறது. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்துவிட்டால், கட்டணம் மேல்படிக்குத் தாவுகிறது. உள்மீட்டர் வைத்து அலகுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கும்போது, அவர் கொள்ளை லாபம் அடிப்பதாகக் குடித்தனக்காரர் நினைக்கிறார். அவரோ கைநஷ்டம் என்கிறார். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்கிவிட்டால் இந்தப் பிணக்கு அன்றோடு ஒழியும். கோடைக்காலத்தில் சம்ப்பில் தண்ணீர் வற்றும்போது லாரித் தண்ணீருக்கு யார், எந்தப் பங்கு என்பதும் அவ்வாறே முன்கூட்டி எழுத வேண்டிய ஒன்று.

நான்காவது இன்னல் பாக்கி. வேலை போனவர், நோயுற்றவர், உண்மையிலேயே இயலாதவர் ஒரு வகை; இயன்றும் கொடாதவர் மற்றொரு வகை. 1960ஆம் ஆண்டின் பழைய சட்டம் இவ்விரண்டையும் பிரித்தறிய முயன்று, வேண்டுமென்றே செலுத்தாமல் இருப்பதை மட்டும் வெளியேற்றக் காரணமாக்கியது. இரண்டு மாத நோட்டீசுக்குப் பின்னும் பாக்கி நீடித்தால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கருதப்படும் என்றது. கருத்து உயர்ந்ததே. ஆனால் 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிப்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. வீட்டுக்காரர்களும் பிழை செய்தார்கள்: பாக்கியை உண்டாக்கும் பொருட்டு வாடகையை வாங்க மறுத்தார்கள். குடித்தனக்காரர் மணியார்டர் அனுப்பினார். அது மறுக்கப்பட்டுத் திரும்பியது. பிறகு அவர் மன்றத்திலேயே வாடகையைக் கட்டினார். இப்படி வாடகை கட்டுவதற்கும் மறுப்பதற்குமாகவே தனி வழக்குகள் பெருகின.

உள்வாடகையும் துஷ்பிரயோகமும் ஐந்தாவது. குடும்பம் நடத்த வாங்கிய வீட்டில் பண்டகசாலையோ பட்டறையோ நடத்துவது, வீட்டுக்காரர் அறியாமல் வேறொருவருக்கு விட்டுத் தாம் வேறிடம் போய்விடுவது ஆகியவற்றைச் சட்டங்கள் என்றும் ஏற்கவில்லை. ஆனால் உள்ளே இருப்பவர் உறவினர் என்று சொன்னால் அதை மறுத்து நிரூபிக்கும் பாரம் வீட்டுக்காரர் தலைமேல் விழுகிறது. காலி மனையை வாடகைக்கு விட்டவர்களின் நிலை தனி. 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், மனையில் தாம் கட்டடம் எழுப்பிக்கொண்ட குடியிருப்பவருக்கு, அம்மனையையே விலைக்குக் கேட்கும் உரிமையை அளித்தது. இதை அறியாமல் மனையை விட்டுவிட்டுப் பின்னர் வருந்தியவர் பலர்.

இவையெல்லாவற்றினும் பெரிய இன்னல், வீட்டைத் திரும்பப் பெறுவது. நோட்டீசில் ஒரு நாள் குறைந்தது என்பதற்காகவே மனுக்கள் தள்ளுபடியான காலம் ஒன்று இருந்தது. நம் மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1979ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கூடி, மாநில வாடகைச் சட்டத்தின்கீழ் வெளியேற்றம் கோருவதற்குச் சொத்து மாற்றுச் சட்டப்படியான நோட்டீஸ் தேவையில்லை என்று தீர்த்த பிறகே அந்தக் கண்ணி அறுந்தது. ஆயினும் தாமதம் அறவில்லை. மகனுக்குக் கலியாணமாகி இடம் போதவில்லை என்று மனுப் போட்டவர், பேரன் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். உத்தரவு கிடைத்த பிறகும் நிறைவேற்று மனு, அமீனா, பூட்டு உடைக்க அனுமதி, போலீஸ் பாதுகாப்பு என்று இன்னொரு படலம் காத்திருந்தது. இடையில் குடித்தனக்காரர் காலமானால், உடன் வாழ்ந்த மனைவி மக்கள் அவர் ஸ்தானத்தில் நின்றார்கள். வழக்கு அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

இத்தாமதம் இரண்டு கேடுகளை விளைத்தது. ஒன்று, சட்டத்தை நம்பாத வீட்டுக்காரர்கள் சட்டத்துக்குப் புறம்பான வழிகளில் இறங்கினார்கள். மின்சாரத்தைத் துண்டித்தல், மோட்டாரை நிறுத்துதல், வாசற்கதவைப் பூட்டுதல் என்னும் செய்கைகளுக்கு எந்த நியாயமும் இல்லை. குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்துவது பாவமே ஆகும். பழைய சட்டமும் அதைத் தடுத்தது, புதிய சட்டமும் தடுக்கிறது. மற்றொன்று, வீடுகளே பூட்டப்பட்டன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடந்தன. வாடகை வருமானத்தின் சிறுமையும், ஒப்பந்தங்களை நிறைவேற்றச் செய்வதிலுள்ள பலவீனமும் இதன் முக்கியக் காரணங்களாக இருக்கலாம் என்று மத்திய அரசின் 2017-18ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை கருதியது. பூட்டிய வீடு ஒவ்வொன்றும், ஊருக்குப் புதிதாய் வந்து இடம் தேடி அலையும் ஒரு குடும்பத்துக்கு மறுக்கப்பட்ட வீடு. வீட்டுக்காரரின் பயம் குடியிருப்போரின் துன்பமாக உருமாறுவது இவ்விதம்தான்.

அந்தப் பயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மை தவறியவனாவேன். காலி செய்யமாட்டாரோ என்ற ஐயத்தைச் சாக்காகக் கொண்டு, சாதி பார்த்தும், மதம் பார்த்தும், அடுப்பில் வேகும் பண்டத்தைப் பார்த்தும், தனித்து வாழும் பெண் என்று பார்த்தும் வீட்டை மறுக்கிறார்கள். வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைப் பேணுவாரா என்ற இரண்டுக்கும் சாதியும் சமையலும் எவ்விதத்திலும் சாட்சியாகா. வேலையிடம், முந்திய வீட்டுக்காரரின் சொல், அடையாளச் சான்று ஆகியவற்றை விசாரிப்பது விவேகம். பிறப்பை விசாரிப்பது அநீதி. சமூகம் தமக்கு நியாயம் செய்ய வேண்டுமென்று கேட்கிற வீட்டுக்காரர், தம் வாசலில் வந்து நிற்பவருக்கும் அந்த நியாயத்தைச் செய்யக் கடமைப்பட்டவர்.

இப்போதைய நிலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2019 பிப்ரவரி 22ஆம் தேதி அமலுக்கு வந்த நில உடைமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. நியாய வாடகையை அதிகாரி நிர்ணயிக்கும் முறை மறைந்து, இருவரும் ஒப்பி எழுதிக்கொண்ட வாடகையே வாடகையாயிற்று. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பில் பதிந்து எண் பெற வேண்டும். குடியிருப்பு வீட்டுக்குப் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. இரண்டு மாத பாக்கி நின்றால் வீட்டைத் திரும்பக் கோரலாம். இதே வழியில் 2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒரு மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தவணை முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகையும், அதன் பிறகு நான்கு மடங்கும் தர வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

சட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. இன்றும் பதிவு செய்யாத தாள், ரசீதில்லாத ரொக்கம், கணக்கில்லாத அட்வான்ஸ் என்றே பெரும்பாலான குடித்தனங்கள் நடக்கின்றன. சாவியைக் கொடுக்கும் நாளில் இருவரும் அறை அறையாகச் சென்று சுவர், தரை, குழாய், மின்விசிறி முதலியவற்றின் நிலையை எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது ஒரு மணி நேர வேலை. வாடகையை வங்கி வழியாகவே வாங்குவது பிரயாசையில்லாத காரியம். முன்பணத்தைச் செலவிடாமல் தனிக் கணக்கில் போட்டுவைப்பது சற்றே கடினம், ஆனால் இயலாததன்று. இந்த மூன்றையும் செய்த வீட்டுக்காரர் வழக்கு மன்றத்துக்கு வர நேர்வது மிகமிக அரிது. வர நேர்ந்தாலும் அவர் வெறுங்கையோடு நிற்பதில்லை.

குடியிருப்பவருக்குக் கருணை காட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசியம் காட்ட வேண்டும். வேலை இழந்த குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் சமூகம் நல்ல சமூகமன்று. ஆனால் அந்தக் கருணைக்கான செலவை, அடுத்த தெருவில் வாடகையை நம்பி வாழும் ஒரு விதவையின் தலையில் கட்டிவிட்டு, அரசாங்கம் கைகழுவிக்கொள்வது தர்மமாகாது. ஏழைகளுக்குக் குறைந்த வாடகையில் வீடு கட்டித் தருவதும், இடருற்ற குடும்பத்துக்கு வாடகை உதவி அளிப்பதும் பொதுப்பணத்தால் ஆற்ற வேண்டிய கடமைகள். அவற்றைப் பொதுவில் ஏற்றுக்கொண்டு, தனிமனிதருக்கிடையே எழும் விவகாரத்தை ஒப்பந்தப்படி விரைவில் தீர்த்துவைப்பதே சரியான பாகுபாடு.

ஆகவே இம்மன்றத்தின் மூலமாக மூன்று தரப்பினருக்கும் என் விண்ணப்பத்தை வைக்கிறேன். அரசாங்கம், வாடகை நீதிமன்றங்களில் போதிய நீதிபதிகளையும் ஊழியர்களையும் அமர்த்தி, உத்தரவு பிறந்த பின் நிறைவேற்றம் தாமதிக்காதபடி செய்ய வேண்டும். ஒப்பந்தப் பதிவை, எழுத்தறிவு குறைந்தவரும் தம் வட்டாரத்திலேயே முடித்துக்கொள்ளும்படி எளிதாக்க வேண்டும். குடியிருப்போர், பிறர் வீட்டைத் தம் வீடுபோல் பேணி, சொன்ன தவணையில் சாவியை ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள், எழுதி விடவும், பதிந்து விடவும், ரசீது தரவும், பழுதைத் தள்ளிப்போடாமல் பார்க்கவும், வருகிறவரின் பிறப்பைக் கேளாதிருக்கவும் உறுதி கொள்ள வேண்டும். இங்கே வந்திருக்கும் சட்ட மாணவர்கள், தங்கள் தெருவில் எழுதப்படாமல் நடக்கும் ஒரு குடித்தனத்தையாவது இந்த ஆண்டுக்குள் எழுத்தில் கொணர்ந்து பதிவு செய்து கொடுப்பார்களானால், இந்தச் சொற்பொழிவை ஏற்படுத்தியவர்களின் நோக்கம் நிறைவேறியதாக நான் கருதுவேன்.